சோறு இருக்கா என்று கேட்கிற கம்ப்யூட்டர்

என் செல்லக் குகன் அண்ணா,

கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகிறது. போர்வைக்குள் கைப்பேசி டார்ச்சை வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். வெளியே செம்பனை மட்டைகளின் மேல் மழை அடிக்கிறது. ஹாலில் அம்மா பாயில் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. திரும்பிப் படுக்கும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்கிறது.

நீ போய் எட்டு மாதம். உன்னிடம் இரண்டு தப்புகளைச் சொல்ல வேண்டும். முதல் தப்பு சரியாகிவிட்டது. இரண்டாவது சரியானதா இல்லையா என்று கரண்ட் வந்தால்தான் தெரியும். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் கம்ப்யூட்டரைப் பிரித்துவிட்டேன் அண்ணா.

அந்தக் குரலை நீ எதற்கு அதில் வைத்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அம்மாவை ஏமாற்றத்தான். கம்ப்யூட்டர் முழுதாக எழும்பியதும் உன் குரல் தானாகப் பேசும்: “மா, நான் வந்துட்டேன் லா. சோறு இருக்கா?” வேலை முடிந்து வந்து, வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே நீ கேட்கிற அதே கேள்வி. அம்மா அடுப்படியிலிருந்து தட்டோடு ஓடி வருவார். நீ நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். “வெளக்குமாத்தால போடுறேன் பாரு” என்று திட்டிவிட்டு, அதே தட்டை உன் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

லிங்கி சாலையில், மழையில், நீ மோட்டார் சைக்கிளோடு விழுந்த பிறகும் அந்தக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஃபேக்டரி வேலைக்கு லீவான ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, அம்மா அதனிடம் போவார். கேசிங் பெட்டியின் தலையில் மூன்று விரலால் விபூதி பூசுவார். குங்குமம் வைப்பார். பிறகு பொத்தானை அழுத்திவிட்டுக் கைகட்டி நிற்பார். இரண்டு நிமிடம் அது உறுமும். பிறகு நீ கேட்பாய். அம்மா போய்ச் சோறு போட்டு வந்து உன் படத்துக்கு முன்னால் வைப்பார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பொத்தான்தான்.

வெள்ளிக்கிழமைகளைப் பார்த்து எனக்குப் பயம் இல்லை. கரண்ட் போகிற இரவுகள்தான் பயம்.

முதல் தடவை உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம். இடி இடித்துக் கரண்ட் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. ஹாலில் யாரும் எதையும் தொடவில்லை அண்ணா. ஆனால் உன் மேசையிலிருந்து உறுமல் கேட்டது. திரை வெளிச்சம் கதவிடுக்கு வழியாக என் கால்மாட்டில் விழுந்தது. “மா, நான் வந்துட்டேன் லா. சோறு இருக்கா?”

நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா எழுந்து போகிற சத்தம் கேட்டது. பானை மூடியைத் திறக்கிற சத்தம். தட்டில் அகப்பை தட்டுகிற சத்தம். காலையில் உன் படத்துக்கு முன்னால் சோறு இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று தடவை அப்படி நடந்தது. நீ வருகிறாய் என்று அம்மா நம்புகிறாரோ என்று நினைத்தேன். கேட்கப் பயம். அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் ஜோகூருக்கு லோரி ஓட்டிக்கொண்டு மாதம் ஒரு முறைதான் வருகிறார். வந்தால் உன் மேசைப் பக்கமே திரும்புவதில்லை.

இப்போது பார்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரியாதே அது.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள் காலை ஒரு வேன் வந்து நின்றது. “குகன் அடா?” என்று அந்த மலாய்க்காரர் கேட்டார். குகன் இருக்கிறாரா என்று. பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவர் பந்தலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உன் பெயர் எழுதிய அந்தச் சின்னப் பெட்டி அன்றிலிருந்து உன் படத்துக்குக் கீழே இருக்கிறது. யாரும் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

உள்ளே என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். “எருமை மாதிரி இருக்கு உன் கம்ப்யூட்டர்” என்று நான்தானே நச்சரித்தேன். “பொறு லா. புது ரேம் ரெண்டு வருது. ஸ்கூல் லீவுல நீயும் நானும் சேர்ந்து மாட்டுவோம்” என்றாய். லீவு வந்து போய்விட்டது.

இந்த மாதம் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஒரு வேலை செய்து கொடுக்க வேண்டும். இரண்டு பக்கம் திறந்தாலே உன் கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிடும். பொத்தானைப் பிடித்து அழுத்தி அணைக்க வேண்டும். அப்படி அணைத்துத் திரும்ப எழுப்பும்போதெல்லாம் பழைய டிஸ்க் டிக் டிக் என்று தட்டும். ஒருநாள் அது தட்டித் தட்டியே நின்றுவிட்டால்? உன் குரல் அதற்குள்தானே இருக்கிறது. ரேம் மாட்டினால் உறையாது, அணைக்க வேண்டியிருக்காது, டிஸ்க் பிழைக்கும். இதுதான் என் கணக்கு. பேராசையில் செய்யவில்லை அண்ணா. காப்பாற்றத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை, அம்மா ரெண்டாவது ஷிப்டுக்கு ஃபேக்டரி பஸ் ஏறியதும், உன் படத்தைப் பார்க்காமல் பெட்டியை எடுத்தேன். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். நீ செய்வதைப் பார்த்திருக்கிறேனே. பழைய ரேம் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, இரண்டு பக்கமும் டக் என்று கேட்கிற வரை அழுத்தினேன். பொத்தானைத் தட்டினேன்.

ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு உள்ளேயிருந்து நீளமாக மூன்று தடவை பீப் என்று கத்தியது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று.

பழைய ரேமையே திருப்பி வைத்தேன். அதற்கும் கத்தியது. இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை அம்மா விபூதித் தட்டோடு வந்து பொத்தானை அழுத்துவார். நீ பேசமாட்டாய். அதற்கப்புறம் அம்மாவை யார் பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை இணையத்தில் தேடிப் படித்தேன். ரேமின் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். ஒவ்வொன்றாக, நான்கு இடத்திலும் மாற்றி மாற்றி வைத்தேன். திரை வயர் தளர்ந்திருக்கிறதா, பவர் வயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

அன்று பத்து மணிக்குக் கரண்ட் போய் வந்தது. அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நான் தனியாக இருந்தேன். ஹாலில் அது எழும்பியது. இந்தத் தடவை நீ பேசவில்லை. இருட்டில் மூன்று கத்தல். நிறுத்தி மூன்று கத்தல். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிடுவது மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டே சுவரைத் தடவிப் போய்ச் சுவிட்சை அணைத்தேன். அந்தக் கத்தல் நீதானோ என்று தோன்றியது. அதை உன்னிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் விக்கி அண்ணனிடம் போனேன்.

எனக்குத் தெரியும், நீ இங்கே நிமிர்ந்து உட்காருவாய். உன் உயிர் நண்பன். உன்னோடு சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டினவர். நீ விழுந்த அன்றைக்கு அவர் கூப்பிட்டுத்தான் நீ மோட்டாரை எடுத்தாய். உன்னைக் கிடத்தியிருந்தபோது எல்லோர் முன்னாலும் அம்மா அவரைப் பார்த்து, “உன்னைப் பார்க்கத்தானேடா வந்தான்! இந்த வாசலை மிதிக்காத!” என்று கத்தினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வரிசைப் பக்கமே வந்ததில்லை.

லிங்கியில் அந்தக் கைப்பேசி கடையில்தான் இன்னும் வேலை செய்கிறார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“என்னா பவா, இங்க?”

“விக்கிணே, கம்ப்யூட்டர் எழும்பலை.”

எந்தக் கம்ப்யூட்டர் என்று அவர் கேட்கவில்லை. “கத்துதா?” என்றார்.

“நீளமா மூணு தடவை.”

“ரேமைத் தொட்டியா?”

தலையாட்டினேன்.

“டிஸ்க் போகலை. பயப்படாத. அவன் குரலு பத்திரமா இருக்கும். கேசிங்கைத் தூக்கிட்டு வா, பார்ப்போம்.”

“எப்படிணே? ஸ்கூல் பஸ்ல மடியில வச்சுக்கிட்டா?”

“நான் அங்க வர முடியாது பவா. உங்கம்மா சொன்னது உனக்குத் தெரியும்ல.”

“அம்மா மூணு மணிக்கு மேல வீட்ல இருக்கமாட்டாங்க.”

“இருக்காங்களோ இல்லையோ. மிதிக்காதன்னாங்க. மிதிக்கமாட்டேன்.”

ஆனால் நேற்று நான்கு மணிக்கு அவருடைய மோட்டார் சத்தம் கேட்டது. வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை. அதனால் நான் சின்ன மேசையை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டோரம் போட்டேன். கேசிங், திரை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் வெயிலில் நின்றுகொண்டு, கேட்டுக்கு மேலாகக் கையை விட்டு வேலை பார்த்தார். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ரேம் மாட்டுகிற பள்ளங்களுக்குள் டார்ச் அடித்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

“பவா, இது என்னா மாவு?”

விரலில் தொட்டு முகர்ந்தார். “அட, விபூதி! கம்ப்யூட்டருக்கு நெத்தி எங்க இருக்குன்னு உங்கம்மாவுக்கு யாரு காட்டிக் கொடுத்தது?” சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். “எத்தனை வெள்ளிக்கிழமை?”

“எல்லா வெள்ளியும்.”

கேசிங்கின் தலையில் சூடு போவதற்காகச் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கிறதே, அது வழியாகத்தான். எட்டு மாதமாக வாரம் ஒரு பிடி. பழைய ரேம்கள் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருந்த வரை ஒன்றும் ஆகவில்லை. நான் அவற்றைப் பிடுங்கியதும் மேலே தங்கியிருந்த சாம்பல் உள்ளே கொட்டியிருக்கிறது. அதன் மேலேயே வைத்து நான் அழுத்தி அழுத்திக் குத்தியிருக்கிறேன்.

என் நடன வகுப்பு முகப்பூச்சு பிரஷ்ஷைக் கொண்டு வரச் சொன்னார். ஒவ்வொரு பள்ளமாகத் துடைத்து ஊதினார். துடைத்த சாம்பலைத் தட்டிவிடாமல் ஒரு தாளில் சேர்த்து மடித்து என்னிடம் கொடுத்தார். “சாமி கிட்ட வச்சிடு” என்றார். பிறகு காசு மாதிரி வட்டமாக இருக்கிற பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப மாட்டினார். புது ரேம் இரண்டையும் அவர் வைக்கவில்லை. “நீ வை. அவன் உன்கூட மாட்டறதாத்தானே சொன்னான்” என்றார். உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தேனே, அவரிடமும் சொல்லியிருக்கிறாய்.

டக். டக். பொத்தானை அழுத்தினேன்.

குட்டையாக ஒரே ஒரு பீப். “அதான் நல்ல சத்தம்” என்றார். திரை வெளிச்சமானது.

கொஞ்ச நேரத்தில், அந்த வெயிலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி நீ பேசினாய். “மா, நான் வந்துட்டேன் லா. சோறு இருக்கா?”

விக்கி அண்ணன் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கீழே இறக்கினார். மோட்டாரில் ஏறாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இனிமேல்தான் இரண்டாவது தப்பு.

கொஞ்ச நேரம் கழித்து ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். “பேட்டரியைக் கழட்டினதால எல்லாத்தையும் மறந்திருக்கும். தேதியைச் சரி பண்ணு. குகன் வேற எதையாவது மாத்தி வச்சிருந்தானான்னு பாரு” என்று, கம்ப்யூட்டர் எழும்புவதற்கு முன்னால் வருகிற அந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினார். தேதி எத்தனையோ வருடம் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதியில் நீ இருந்தாய். இன்றைய தேதியைப் போட எனக்குக் கை வரவில்லை. போட்டேன்.

கீழே இறங்கிக்கொண்டே போனேன். ஒரு வரியில் கண் நின்றது. மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. அதற்கு நேராக, அணைந்தே இரு என்று இருந்தது.

அந்த இரவுகள் எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டன. நீ அதை எழும்பு என்று மாற்றி வைத்திருக்கிறாய். அவ்வளவுதான். பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்போது அது மறந்துவிட்டது. இனி இரவில் அது எழும்பாது. நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

“வேற ஒண்ணும் இல்லைணே” என்றேன்.

உன் குரலைப் பகலில் காப்பாற்றிவிட்டு, இரவில் நானே அதன் வாயைப் பொத்தினேன். நான் அழிக்கவில்லை, ஆனால் அழிந்திருந்ததைப் பார்த்தும் அப்படியே விட்டேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இவ்வளவு எழுதிக்கொண்டு வந்தேன்.

பழைய ரேம்களைப் பார்சல் பெட்டிக்குள் போட்டு ஒட்டி, உன் படத்தின் கீழே வைத்துவிட்டேன்.

இன்று வெள்ளி. விளக்கேற்றிவிட்டு அம்மா விபூதியை எடுத்தார். என்னால் இருக்க முடியவில்லை. “மா, பக்கத்துல பூசுங்க. மேல ஓட்டை இருக்கு” என்றேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத் தகட்டில் பூசினார். பொத்தானை அழுத்தினார். நீ கேட்டாய். சோறு வந்தது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

தட்டை வைக்க இடம் பண்ணுவதற்காக அம்மா பார்சலை நகர்த்தினார். உள்ளே கடகட என்றது.

“எட்டு மாசமா குலுங்காத பெட்டி இன்னைக்குக் குலுங்குது பவா.”

நான் அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வரியைத் தவிர. அம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“யாரு வந்து பார்த்தது?”

“விக்கி அண்ணன்.”

“உள்ள வந்தானா?”

“இல்லை மா. கேட்டுக்கு வெளியவே நின்னாரு.”

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். அது ஏற்கெனவே சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. “வெயில்லயா?”

“ஆமா.”

“தண்ணியாவது கொடுத்தியா?”

“இல்லை மா.”

“அறிவு இருக்கா உனக்கு?”

பிறகு வெளியே வானத்தைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார். “மழை வரும் போல. கரண்ட் வந்தா தன்னால எழும்புற மாதிரி உங்கண்ணன் வச்சிருந்தான். அதைக் கெடுத்துடலையே?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாம? அவன் ராத்திரி வேலைக்குப் போறப்ப கரண்ட் போனா, இணையத்துலேர்ந்து ஏதோ இறக்கிக்கிட்டு இருக்கறது நின்னுடுதுன்னு அப்படி வச்சான். என்கிட்ட சொல்லிட்டுத்தான் வச்சான். பேய்னு நெனச்சு நான் எந்திரிக்கிறேன்னா நெனச்ச? மிஷின்தான் பேசுதுன்னு தெரியும்டி. இருந்தாலும், சோறு இருக்கான்னு கேக்குற பிள்ளைக்குப் பதில் சொல்லாம படுத்துக் கிடக்க முடியுமா?”

“கெடுக்கலை மா” என்றேன். பொய்.

அம்மா துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குளிக்கப் போனார். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. நான் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரை எழுப்பி அந்தப் பக்கத்துக்குப் போனேன். அவசரத்தில் இரண்டு தடவை தவறவிட்டேன். அந்த வரியைக் கண்டுபிடித்து, எழும்பு என்று மாற்றினேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். திரை கறுத்தது. அது திரும்ப வெளிச்சமாவதற்குள் ஊரே இருண்டுவிட்டது.

சேமித்ததா அண்ணா? எனக்குத் தெரியவில்லை.

ஹாலில் அம்மா காத்துக்கொண்டிருக்கிறார். அது எழும்பாவிட்டால், விடியும்வரை ஒளிக்காமல் இப்போதே போய், நான்தான் என்று சொல்லிவிடுவேன்.

எதிர் வரிசை வீடுகளில் விளக்கு வந்துவிட்டது.

அண்ணா, என் அறை ஃபேன் சுற்றுகிறது.

ஒரு பீப். குட்டையாக ஒன்று. கதவிடுக்கில் வெளிச்சம். டிஸ்க் டிக் டிக் என்று தட்டுகிறது. நீ பேச இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. அம்மா அதற்குள் எழுந்துவிட்டார். வளையல் சத்தம் அடுப்படிப் பக்கம் போகிறது.

எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலையணையைத் தள்ளி வைத்துவிட்டேன். இன்றைக்கு மட்டும் இல்லை, இனி எந்த இரவில் நீ கேட்டாலும் நான் எழுந்து வருவேன். அம்மா சோறு போடட்டும், குழம்பு நான் ஊற்றுகிறேன். நாளைக்கு விக்கி அண்ணன் கடைக்குப் போய், அம்மா தண்ணீர் கொடுக்கச் சொன்னார் என்று சொல்வேன். கேட்டுக்கு உள்ளே வந்து குடிக்கச் சொன்னார் என்றும் சேர்த்துச் சொல்வேன். அந்த ஒரு பொய்யை மட்டும் நீ பொறுத்துக்கொள்.

பானை மூடி திறக்கிற சத்தம் கேட்கிறது. போகிறேன்.

கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருகிற,
உன் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி,
பவானி